ஃப்ளை ஃபிஷிங்குக்கும் காட்டுயிர் பார்க்கவும் உள்ளூர் கைடு தேவையா, காசுக்குக் கேடா?

வாசகர் கேள்வி, மார்ச் 3

வருடத்தில் ஒரு முறைதான் இப்படி விடுமுறை கிடைக்கிறது. மலையாறு ஒன்றில் இரண்டு நாள் ஃப்ளை ஃபிஷிங் (ஃப்ளை எனும் செயற்கைப் பூச்சியைத் தூண்டிலில் கட்டி மீன் பிடிப்பது), மூன்றாம் நாள் காட்டுயிர் பார்ப்பது என்று திட்டம். கைடு கேட்கும் கூலி தங்கும் செலவையே தாண்டுகிறது. காஸ்டிங்கை, அதாவது தூண்டில் வீசுவதை, வீடியோ பார்த்து ஓரளவு பழகிவிட்டேன், வரைபடம் கையில் இருக்கிறது, எங்கே என்ன விலங்கு தென்பட்டது என்று செயலியே காட்டிவிடுகிறது. கைடு என்பது வசதி இருப்பவர்கள் வைத்துக்கொள்ளும் ஆடம்பரம் என்பது என் எண்ணம். இல்லை என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

மார்ச் 3, இரவு

இல்லை என்கிறேன். காரணமும் சொல்கிறேன்.

காஸ்டிங் வீட்டுக்குப் பின்னால் புல்வெளியில் பழகக்கூடிய விஷயம். ஆற்றில் எங்கே போடுவது என்பதுதான் பெரும்பாடு. வரைபடத்தில் ஆறு ஒரு நீலக்கோடு. நேரில் போய் நின்றால் அந்த அகலத்தில் மீன் இருக்கும் இடம் அங்கங்கே கொஞ்சம்தான், மற்றதெல்லாம் வெறும் தண்ணீர். வேகமாக ஓடும் நீரும் மெதுவாக ஓடும் நீரும் உரசிக்கொள்ளும் கோட்டில், பாறைக்கு முன்னாலும் பின்னாலும், குடைந்த கரைக்கு அடியில் ட்ரவுட் மீன் நிற்கும். நீந்தி அலுக்காமல் நிற்கவும் வேண்டும், இரை தானாக வாய்க்கு வந்து சேரவும் வேண்டும், ஆழமோ நிழலோ பக்கத்தில் இருக்கவும் வேண்டும். இந்த மூன்றும் ஒன்றுசேரும் இடத்தை அந்த ஆற்றிலேயே கிடப்பவர் கரையிலிருந்து பார்த்தே சொல்லிவிடுவார். போன மாத வெள்ளத்தில் எந்தக் கல் புரண்டது என்பது வரை அவருக்குத் தெரியும்.

நான் முதலில் கூட்டிப்போன கைடு ராடை, அதாவது தூண்டில் கோலை, வெளியே எடுக்கவே விடவில்லை. முட்டளவு நீரில் இறங்கி ஒரு கல்லைப் புரட்டி, ஈரம் சொட்டச் சொட்ட என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். கல்லின் அடிப்பக்கத்தில் தட்டையாக ஒட்டிக்கொண்டு ஓடின சில பூச்சிகள், வாலை எண்ணச் சொன்னார். மூன்று வால், ஆகவே மேஃப்ளையின் நீர்ப்பருவம். ஸ்டோன்ஃப்ளை என்றால் வால் இரண்டுதான். பக்கத்தில் மணல் துகள்களைக் கோத்து வீடு கட்டிய சின்னக் குழாய் ஒன்று, அது கேடிஸ் பூச்சியின் புழு. அந்தப் பூச்சியை நகத்தின் மேல் வைத்து, பெட்டியைத் திறந்து, அதே அளவும் அதே கருமையும் உள்ள ஃப்ளையை எடுத்துக் கட்டினார். “இங்கே இன்றைக்கு இதுதான் சாப்பாடு” என்றார். எந்த வீடியோவும் அன்றைய கல்லைப் புரட்டிக் காட்டாது.

மார்ச் 4

விட்டுப்போன ஒன்று. லைன், அதாவது தூண்டில் கயிறு, வேகமான நீரின் மேல் விழுந்தால் நடுவில் வளைந்து, கடைசியில் இருக்கும் ஃப்ளையை இழுத்துக்கொண்டு போகும். நிஜப் பூச்சி நீரோட்டத்தோடு சும்மா மிதந்து வரும்போது நம்முடையது மட்டும் குறுக்கே கோடு போட்டுக்கொண்டு ஓடும். எந்த மீனும் தொடாது. லைனை எடுத்து மேல்பக்கமாக மாற்றிப் போடுவதை எல்லாருக்கும் சொல்லித் தருகிறார்கள், ஆனால் எந்த நொடியில் மாற்ற வேண்டும் என்பது தோளுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று “இப்போ” என்று சொன்னால்தான் கைக்கு ஏறுகிறது. எனக்கு அப்படித்தான் ஏறியது.

தூரமாக வீச வேண்டும் என்ற ஆசையையும் அவர்தான் தீர்த்துவைத்தார். நல்ல மீன்கள் பெரும்பாலும் மிகக் கிட்டத்தில்தான் கிடைத்தன. ஆனால் கிட்டப் போக ஒரு முறை இருக்கிறது. நீருக்கடியில் இருக்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேல் 97 பாகை அகலமுள்ள ஒரு வட்டத்துக்குள் சுருங்கித் தெரிகிறது. ஒளி நீருக்குள் நுழையும்போது வளைவதால் வருவது இது. நாம் தாழ்ந்து நின்றால் அந்த வட்டத்தின் விளிம்பில் நசுங்கி, மங்கலாகத்தான் தெரிவோம். அதனால் பின்னாலிருந்து, குனிந்து, நிழல் நீரில் விழாமல். மீன் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்பதால் கீழிருந்து மேலாக நடப்பது நமக்குச் சாதகம்.

மார்ச் 6

“ஆக, கைடு இருந்தால் மீன் அதிகம் கிடைக்கும், அவ்வளவுதானே?” என்று கேட்டிருக்கிறீர்கள். அது பாதிதான். என் அளவில் அதைவிடப் பெரிய காரணம் வேறு: நல்ல கைடுக்குப் போதும் என்று சொல்லத் தெரியும். காசு வாங்கிய பிறகும் சொல்லத் தெரியும்.

கோடையில் ஒரு மத்தியானம். மீன் நன்றாகக் கடித்துக்கொண்டிருந்தது. கைடு கயிற்றில் கட்டிய வெப்பமானியை ஆழத்தில் இறக்கி, கொஞ்ச நேரம் விட்டு எடுத்துப் பார்த்தார். பாதரசக் கோடு 20 டிகிரி செல்சியஸைத் தொட்டிருந்தது. லைனைச் சுருட்டச் சொல்லிவிட்டார். கூலி கொடுத்த நாளில் இன்னும் பாதி மிச்சம் இருக்கிறது, மீனும் கடிக்கிறது, நான் முணுமுணுத்தேன். அவர் அசையவில்லை. மீதி நேரத்தை அடுத்த நாள் விடியலில் ஈடுகட்டுகிறேன் என்றார், சொன்னபடியே செய்தார்.

அவர் சொன்ன கணக்கு இதுதான். ட்ரவுட் குளிர்நீர் மீன். நீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும்: 10 டிகிரி செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் கரையும், 20 டிகிரியில் 9தான். அதே நேரம் சூட்டில் மீனின் உடம்பு அதிக ஆக்சிஜன் கேட்கும். இந்த நிலையில் தூண்டிலில் போராடிக் களைத்த மீன், விடுவித்த பிறகு நீந்திப் போவது போலத் தெரிந்தாலும் கொஞ்ச நேரம் கழித்து எங்கேயோ பாறை இடுக்கில் செத்துக் கிடக்கலாம். நமக்குத் தெரியவே வராது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் இதற்குச் சட்டமே இருக்கிறது. நீர் வெப்பம் தொடர்ந்து மூன்று நாள் 73 டிகிரி பாரன்ஹீட்டை, அதாவது 23 டிகிரி செல்சியஸ் அளவை எட்டினால் அந்த ஆற்றுப் பகுதியில் மதியம் 2 மணி முதல் நள்ளிரவு வரை மீன்பிடிக்கத் தடை போடுவார்கள். அக்கறையுள்ள கைடு சட்டம் வரும் வரை காத்திருப்பதில்லை.

மார்ச் 6, பிறகு

மேலே சொன்னதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. 1992இல் வெளியான ஓர் ஆய்வில் ரெயின்போ ட்ரவுட்டைக் களைக்கும் வரை ஓடவிட்டுப் பார்த்தார்கள். காற்றில் எடுக்காமல் விட்டவற்றில் 12 சதவீதம் செத்தன. 30 நொடி காற்றில் வைத்தவற்றில் 38 சதவீதம். ஒரு நிமிடம் வைத்தவற்றில் 72 சதவீதம். ஆய்வகத்தில் நடந்தது, ஆற்றில் இதே எண் வரும் என்று அர்த்தமில்லை. ஆனால் போன் எங்கே என்று தேடி, லென்ஸைத் துடைத்து, சிரித்து, இன்னொன்று எடு என்று சொல்லி முடிக்க எத்தனை நொடி ஆகும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

மார்ச் 7

கைடைத் தேர்ந்தெடுக்க எளிய வழி கேட்டவருக்கு: அவர் பதிவிட்டிருக்கும் படங்களைப் பாருங்கள். மீனின் அளவைப் பார்க்காதீர்கள், மீன் எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். செவுளுக்குள் விரலை விட்டுத் தொங்கவிட்ட படமா, காய்ந்த மணலில் கிடத்திய படமா, அடுத்த பக்கம் போய்விடுங்கள். கை நனைந்திருக்கிறதா, மீன் பாதி நீரிலேயே இருக்கிறதா, வலை ரப்பர் வலையா என்பதெல்லாம் படத்திலேயே தெரியும். முடிச்சுப் போட்ட நைலான் வலையும் உலர்ந்த கையும் மீன் மேலிருக்கும் வழவழப்பை உரித்துவிடும். அந்த வழவழப்புதான் நோய்க்கிருமி ஒட்டாமல் காப்பது. கொக்கியின் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுகிறாரா என்று கேளுங்கள். முள் இல்லாத கொக்கி நீருக்குள்ளேயே ஒரு திருப்பில் கழன்று வந்துவிடும், மீனைத் தூக்கவே வேண்டாம்.

மார்ச் 10

இப்போது உங்கள் மூன்றாம் நாள்.

காட்டுயிர் பார்ப்பதற்கும் அதே அளவுகோல்தான். “கட்டாயம் காட்டுகிறேன், இல்லாவிட்டால் காசு வாபஸ்” என்பவரைக் கண்டால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். அப்படி வாக்குக் கொடுத்தவர் அதைக் காப்பாற்ற விலங்கைத் துரத்துவார், அல்லது இரை போட்டு வரவழைப்பார், அல்லது பறவையின் குரலைப் பதிவிலிருந்து திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு வெளியே இழுப்பார். இனப்பெருக்கக் காலத்தில் இந்தக் கடைசி வேலை எவ்வளவு கெடுதல் என்று பலர் யோசிப்பதில்லை. தன் எல்லைக்குள் வேறொரு ஆண் வந்துவிட்டது என்று நம்பி, குஞ்சுக்கு இரை தேடும் நேரத்தில் இல்லாத எதிரியோடு சண்டைக்கு நிற்கும் அந்தப் பறவை.

ஒரு ஆற்றோரச் சரளை மேட்டில் நடந்துகொண்டிருந்தோம். ஆட்காட்டி வகைப் பறவை ஒன்று கத்திக்கொண்டே எங்களுக்கு முன்னால் ஓடி, ஒரு இறக்கையைத் தரையில் இழுத்துக்கொண்டு நொண்டியது. குழுவில் ஒருவர் அடிபட்டிருக்கிறது போலிருக்கிறது என்று அதை நோக்கி நடந்தார். கைடு கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்தினார். “காலடியைப் பாருங்கள்” என்றார். கூழாங்கல் நிறத்திலேயே, கூழாங்கல் புள்ளிகளோடு, என் பூட்ஸிலிருந்து ஒரு முழம் தள்ளி முட்டைகள். கூடு என்று எதுவும் கிடையாது, லேசான பள்ளம்தான். நொண்டுவது நடிப்பு, எதிரியைக் கூட்டிலிருந்து விலக்கி அழைத்துப்போக. வந்த காலடித் தடத்திலேயே கால் வைத்து ஒவ்வொருவராகப் பின்வாங்கினோம். படம் எடுக்கக்கூட நிற்க விடவில்லை, நாம் நிற்கும் வரை அது முட்டைக்குத் திரும்பாது என்றார். நாங்கள் தனியாகப் போயிருந்தால் அந்த முட்டைகள் என்ன ஆகியிருக்கும் என்று செயலி சொல்லாது. அதில் “ஆட்காட்டி, ஒன்று, ஆற்றங்கரை” என்று ஒரு புள்ளி விழுந்திருக்கும்.

மார்ச் 10, இரவு

எவ்வளவு தூரம் என்று கேட்டவருக்கு. இடத்துக்கு இடம் விதி மாறும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் கரடி, ஓநாய், கூகர் (மலைச் சிங்கம்) என்றால் 100 கெஜம், அதாவது 91 மீட்டர். மற்ற விலங்குகளுக்கு 25 கெஜம். கலாபகோஸ் தீவுகளின் தேசியப் பூங்காப் பகுதிகளில் பெரும்பாலானவற்றுக்கு உரிமம் பெற்ற இயற்கை வழிகாட்டி இல்லாமல் போகவே முடியாது. மலைக் கொரில்லாவைப் பார்க்க ஒரு குழுவுக்கு எட்டுப் பேர், ஒரு மணி நேரம், அவ்வளவுதான். நம் சளி, காய்ச்சல் அதற்குத் தொற்றும் என்பதுதான் முக்கியக் காரணம். விதி எழுதப்படாத இடங்களில் விலங்கே சொல்லும். மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கிவிட்டதா, நாம் ஏற்கெனவே கிட்டப் போய்விட்டோம்.

மார்ச் 11

ஒரே ஆளை இரண்டுக்கும் வைத்துக்கொள்ளலாமா? யோசித்துப் பார்த்தால் அவசரப்பட்டுச் சரி என்று சொல்ல முடியவில்லை. ஆற்றைக் கரைத்துக் குடித்தவருக்குக் காட்டின் தடம் தெரியாமல் இருக்கலாம். நேரமும் மோதும். விலங்குகள் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும், கோடையில் மீன் நன்றாகக் கடிப்பதும் அதே நேரம்தான். இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் ஒன்றை நட்ட நடுப்பகலில் தள்ளிவிடுவார்கள், அதற்கும் சேர்த்து நீங்கள் காசு கொடுப்பீர்கள். நாளைப் பிரித்தது நல்ல முடிவு.

ஒரு விதிவிலக்கு, துடுப்புப் படகு. இஞ்சின் இல்லாமல் நீரோட்டத்தோடு நழுவிப் போகும் படகைக் கரையோர விலங்குகள் நடந்துவரும் மனிதனைப் போல அஞ்சுவதில்லை. மீன் பிடித்துக்கொண்டே போன வழியில் நீர்நாய்க் குடும்பம் ஒன்றை வெகு நேரம் பார்க்கக் கிடைத்தது. கைடு துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார். அந்த மாதிரி ஆள் என்றால் இரண்டுக்கும் ஒருவரே போதும்.

மார்ச் 14

இங்கே கசப்பான அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நான் எல்லாக் கைடையும் புகழ்வதாகிவிடும். ஒரு முறை முகவர் வழியாகப் பதிவு செய்தேன். பெயர் வேண்டாம். வந்தவர் எங்களை ஒரு மடுவில் நிறுத்திவிட்டு மேலே போய்த் தானே மீன் பிடித்தார். ஏற்கெனவே வேறு குழு நின்றுகொண்டிருந்த மடு அது. கேட்டதற்கு “இங்கேதான் எல்லாரையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள்” என்றார். கோபம்தான் வந்தது.

மார்ச் 14, கொஞ்சம் கழித்து

கோபத்தில் எழுதியது அப்படியே இருக்கட்டும், ஆனால் முழுக்கதையும் வேண்டும். அன்று மாலை அவரோடு பேசினேன். நான் கட்டிய தொகையில் அவர் கைக்குப் போனது சொற்பம், வாரம் முழுக்க ஓய்வே இல்லாமல் ஆட்களை அழைத்துப்போகிறார், எந்த மடு என்பதைக்கூட முகவர்தான் முடிவு செய்கிறார். வேலையில் மனம் ஒட்டாததற்கு அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு முடிந்தவரை கைடிடமே நேராகப் பேசிப் பதிவு செய்கிறேன், காசு முழுவதும் அவருக்கே போகும். சில இடங்களில் சட்டப்படியே நேராக முடியாது: மொன்டானாவில் கைடு என்பவர் உரிமம் பெற்ற அவுட்ஃபிட்டரின், அதாவது இத்தகைய பயணங்களை நடத்துபவரின், கீழ்தான் வேலை செய்ய முடியும். அங்கேகூட இன்ன கைடுதான் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்கலாம், பதிவுக்கு முன் அவரோடு போனில் பேச வேண்டும் என்றும் கேட்கலாம்.

பேசும்போது நான் முதலில் கேட்பது “கடைசியாக அந்த ஆற்றில் எப்போது இறங்கினீர்கள், நீர் எப்படி இருந்தது?” என்பதுதான். முந்தாநாள் இறங்கினேன், மேல்பக்கம் கலங்கல், கிளையாறு தெளிவாக இருக்கிறது, சாயங்காலம் கேடிஸ் பறக்கிறது என்று பேச்சு தானாக ஓடினால் ஆள் சரி. “நம்ம ஆறு எப்பவும் சூப்பர் சார்” என்றால் வேறு ஆளைப் பார்க்கலாம். உரிமம், முதலுதவிப் பயிற்சி, ஒரு கைடுக்கு எத்தனை பேர் வருவார்கள், அவரும் ராட் எடுப்பாரா என்பதையும் கேட்டுவிடுங்கள். கற்றுக்கொள்கிறவருக்கு ஒரு கைடுக்கு இரண்டு பேர் என்பதே உச்சம்.

மார்ச் 15

பாதுகாப்பு பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஓடும் நீர் முழங்காலுக்கு மேல் ஏறினால் தள்ளும் பலம் நாம் நினைப்பதைவிட அதிகம். வேடர் (ஆற்றில் இறங்கப் போடும் நீர்புகாத கால்சட்டை) போட்டால் இடுப்பு வார் இறுக்கமாக இருக்க வேண்டும், விழுந்தால் உள்ளே நீர் புகும் வேகத்தை அதுதான் குறைக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நகர்த்துவது, கையில் ஊன்றுகோல், நீர் இழுத்துவிட்டால் மல்லாந்து கால்களை நீர் ஓடும் திசையில் நீட்டி வைப்பது. இதையெல்லாம் ஆற்றில் இறங்கும் முன் சொல்லாத கைடு என்னைப் பொறுத்தவரை கைடே இல்லை.

அப்புறம் பூட்ஸ். கம்பளி போன்ற ஃபெல்ட் அடிப்பாகம் வழுக்காது என்று வாங்கிவிடாதீர்கள், போகும் இடத்தின் விதியை முதலில் பாருங்கள். டிடிமோ என்ற பாசி 2004இல் நியூசிலாந்தின் தென்தீவு ஆற்றில் கண்டுபிடிக்கப்பட்டது. கல் தெரியாத அளவுக்கு ஆற்றடியைச் சளி போல மூடிவிடும் அது, நான் மேலே சொன்ன பூச்சிகளின் வீடே போய்விடும். ஈரம் காயாத ஃபெல்ட் அதை ஆறு விட்டு ஆறு சுமந்து போகும் என்பதால் 2008இலேயே அங்கே ஃபெல்ட்டைத் தடை செய்துவிட்டார்கள். ஐஸ்லாந்தில் வெளிநாட்டு நீரில் பயன்படுத்திய தூண்டில் சாமான்களைக் கிருமிநீக்கம் செய்துதான் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு ஆற்றுக்கும் நடுவே பூட்ஸைக் கழுவி நன்றாகக் காயவைக்கச் சொல்லும் கைடிடம் அலுத்துக்கொள்ளாதீர்கள்.

மார்ச் 18

“எல்லாம் சரி, இரண்டு நாளுக்கும் கைடு வைக்கக் காசு இல்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் நாளுக்கு மட்டும் வையுங்கள். பலர் முதல் நாள் தனியாக முயன்று, ஒன்றும் கிடைக்காத கடுப்பில் கடைசி நாள் கைடைத் தேடுகிறார்கள். கற்றதை அடுத்த நாள் செய்துபார்க்க அப்போது நாளே இருக்காது. பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்: மீன் எண்ணிக்கை முக்கியமில்லை, மறுநாள் நான் தனியாக இறங்க வேண்டும், அதற்கேற்பக் கற்றுக்கொடுங்கள் என்று. எந்தப் பகுதியில் தனியாக இறங்கலாம், எங்கே கூடாது என்று நல்ல கைடு காட்டிவிட்டே போவார். உங்கள் காஸ்டிங் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், அதைப் பொறுத்துத்தான் அவர் ஆற்றுப் பகுதியையே தேர்வு செய்வார்.

காட்டுயிர் நாளுக்குக் கைடை விட்டுவிடாதீர்கள். பறவை மட்டும் என்றால் பொதுப் பாதையில் தனியாகப் போகலாம். பெரிய விலங்கு உள்ள காடு என்றால் தனியாக வேண்டாம், செலவைக் குறைக்க வேண்டுமானால் மீன்பிடி நாளில் குறையுங்கள்.

மார்ச் 18, இரவு

முன்பணம் கட்டும் முன் ஒன்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மழையில் ஆறு கலங்கினாலோ நீர் சூடேறினாலோ என்ன செய்வார்: வேறு ஆற்றுக்கு மாற்றுவாரா, நேரத்தை விடியலுக்குத் தள்ளுவாரா, நாளைத் தள்ளிப்போடுவாரா, பணத்தைத் திருப்புவாரா. இதற்கு அவர் தரும் பதிலை இங்கே போடுங்கள், அதைப் பார்த்துவிட்டு ஆளைப் பற்றி என் கருத்தைச் சொல்கிறேன்.